பட்டாணியைப் பனியில் பூட்டியவர்

இரவு மணி எட்டு.

உத்திரமேரூர் கடைத்தெருவில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்த்த பெண்கள் இறங்குகிறார்கள். பொழுது விடியுமுன் புறப்பட்டவர்கள். இருட்டி வெகுநேரம் கழித்து ஊர் திரும்புகிறார்கள். வீட்டில் பிள்ளைகள் பசியோடு காத்திருக்கின்றன. இனிமேல் போய் அரிசி களைந்து உலை வைத்து, காய் நறுக்கிக் குழம்பு கூட்டி இறக்குவதற்குள் சின்னது தூங்கிப் போய்விடும்.

அவர்களில் ஒருத்தி கடைக்குள் நுழைகிறாள். மூலையில் கண்ணாடி மூடி போட்ட பெரிய வெள்ளைப் பெட்டி. உள்ளே பனி படர்ந்த பாக்கெட்டுகள். பரோட்டா, சப்பாத்தி, பச்சைப் பட்டாணி, மக்காச்சோளம், கறி வகைகள். ஒன்றைக் கையில் எடுக்கிறாள். திரும்ப வைக்கிறாள். மறுபடியும் எடுக்கிறாள்.

இதை வாங்கலாமா? குழந்தைக்குக் கொடுக்கலாமா? எப்போதோ செய்ததை இன்று போடுகிறோமே, இது பழையது அல்லவா? மாமியார் என்ன சொல்வார்? கை பாக்கெட்டில் இருக்கிறது. மனமோ குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

இன்று நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் தினமும் எழும் கேள்வி இது. அதற்கு விடை காண வேண்டுமானால், அந்த வெள்ளைப் பெட்டிக்குப் பின்னால் நிற்கும் ஒரு மனிதரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. அமெரிக்கர். பேர்ட்ஸ்ஐ என்றால் பறவையின் கண் என்று அர்த்தம். பெயருக்கு ஏற்றாற்போல் அவருக்குக் கூரிய கண். மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போனதை அவர் நின்று பார்த்தார். அவ்வளவுதான் அவருடைய சாமர்த்தியம்!

தவளை விற்ற மாணவர்

கிளாரன்ஸ் 1886-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். வீடு நிறையப் பிள்ளைகள், ஒன்பது பேர். தகப்பனார் வக்கீல்.

சிறு வயதிலேயே பையனுக்குப் படிப்பைவிடப் பூச்சி, பறவை, மிருகம் இவற்றின்மேல்தான் பிரியம். செத்த பறவைகளைப் பாடம் செய்து உயிருள்ளவை போல் நிறுத்தி வைக்கும் வித்தையைத் தானாகவே கற்றுக்கொண்டான். இன்னொரு விசித்திரமும் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது சமையல் வகுப்பில் போய்ச் சேர்ந்தான். ஆண் பிள்ளைக்கு அடுப்பங்கரையில் என்ன வேலை என்று கேட்ட காலம் அது. அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பிறகு ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். சம்பளம் கட்டப் பணம் இல்லை. குளம் குட்டைகளில் தவளை பிடித்து, மிருகக் காட்சி சாலையில் பாம்புகளுக்கு இரையாக விற்றார். எலி பிடித்து ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொடுத்தார். அப்படியும் சமாளிக்க முடியவில்லை. பட்டம் வாங்காமலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார்.

சர்க்கார் உத்தியோகம் ஒன்று கிடைத்தது. மேற்கே பாலைவனங்களிலும் மலைகளிலும் திரிந்து மிருகங்களைக் கணக்கெடுக்கும் வேலை. மான்டானா மலைப் பள்ளத்தாக்கில், உண்ணிப் பூச்சி கடித்து வரும் கொடிய காய்ச்சலைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் உதவினார். காட்டில் கிடைத்ததையெல்லாம் சமைத்து ருசி பார்ப்பது அவர் வழக்கம். பாம்பு, அணில், வயல் எலி எதையும் அவர் விட்டுவைக்கவில்லையாம். நமக்குக் குமட்டுகிறது. ஆனால் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்ற அந்தப் பிடிவாதம்தான் பின்னால் அவருக்கு வாழ்வு தந்தது.

பனி நாட்டில் ஒரு பாடம்

1912-ம் ஆண்டு கிளாரன்ஸ் லாப்ரடாருக்குப் போனார். இன்றைய கனடாவின் வடகிழக்கு மூலையில் உள்ள பனிப் பிரதேசம் அது. நரித்தோல் வியாபாரம் செய்து பணம் சேர்க்க வேண்டும் என்பது எண்ணம். நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் நூற்றுக்கணக்கான மைல் பிரயாணம் செய்தார்.

அங்கே இனுயிட் மக்கள் மீன் பிடிப்பதை அவர் கவனித்தார். உறைந்த நீரில் துளை போட்டு மீனை வெளியே இழுப்பார்கள். வெளியே குளிர் பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரி. மேலே வந்த மீன் துள்ளி அடங்குவதற்குள் கட்டையாக விறைத்துவிடும். அதைப் பல வாரம் வைத்திருந்து சமைத்தாலும் அன்று பிடித்த மீன் போலவே ருசி!

நாம் வெயிலை நம்பி வற்றல், வடகம், கருவாடு போட்டு வைக்கிறோம். அவர்கள் பனியை நம்பினார்கள். அந்த மக்களுக்கு அது பரம்பரை வழக்கம். ஆனால் ஊரிலிருந்து வந்தவருக்கோ ஒரு சந்தேகம்.

குளிரில் வைத்த மீன் அமெரிக்காவிலும் உண்டு. கிடங்குகளில் ஐஸ் போட்டு மெல்ல மெல்ல உறைய வைத்து விற்பார்கள். அதைச் சமைத்தால் சாரமெல்லாம் நீராக ஓடிவிடும், சக்கைதான் மிஞ்சும். ஏழைகள்தான் வேறு வழியின்றி வாங்குவார்கள். இரண்டும் குளிரில் வைத்த மீன்தானே? ஒன்று ஏன் அமிர்தம், மற்றது ஏன் சக்கை?

இதற்குள் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. 1915-ல் எலினார் கேரட் என்ற பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு மனைவியையும், பிறந்து சில வாரமே ஆன கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் அந்தப் பனிக்காட்டுக்கே போனார். குளிர்காலம் முழுவதும் பச்சைக் காய்கறி கண்ணில் படாத இடம். மனைவிக்கும் குழந்தைக்கும் என்ன கொடுப்பது?

கப்பலில் முட்டைக்கோசு வந்தபோது அதைப் பீப்பாயில் உப்பு நீரோடு போட்டு வெளியே வைத்து உறைய வைத்துப் பார்த்தார். கடுங்குளிர் நாளில் உறைந்தது நன்றாக இருந்தது. குளிர் குறைந்த நாளில் உறைந்தது கெட்டது.

உணவை உறைய வைக்கும் சாஸ்திரம் எங்கே பிறந்தது என்று பார்த்தீர்களா? பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் அல்ல. வீட்டுக்காரிக்கும் பிள்ளைக்கும் இன்று ராத்திரி என்ன சாப்பாடு என்ற கவலையில் பிறந்தது!

பெரிய ஊசி, சின்ன ஊசி

ரகசியம் இதுதான்.

காய், மீன், இறைச்சி எல்லாவற்றிலும் பெரும்பகுதி தண்ணீர். அது உறையும்போது பனிப் படிகங்களாக மாறும். மெல்ல மெல்ல உறைந்தால் படிகங்கள் பெரிது பெரிதாக வளரும். அவை ஊசி போல் திசுக்களைக் குத்திக் கிழித்துவிடும். பனி இளகியதும் கிழிந்த பையிலிருந்து ஒழுகுவது போல் சாரமெல்லாம் வெளியேறிவிடும்.

சடுதியில் உறைந்தால் படிகங்கள் வளர நேரம் இல்லை. மணல் போல் பொடிப் பொடியாக நின்றுவிடும். திசு கிழியாது. சாரம் போகாது.

ஆகவே குளிரில் வைப்பது முக்கியம் அல்ல. எவ்வளவு விரைவாக உறைய வைக்கிறோம் என்பதே முக்கியம். பனிக்காட்டில் இயற்கை இலவசமாகச் செய்த வேலையை நியூயார்க் நகரில் எந்திரம் செய்ய வேண்டும். இதுதான் கிளாரன்ஸுக்கு முன்னால் நின்ற பிரச்னை.

ஐஸ் என்பது அன்றைக்குப் புதிய சரக்கு அல்ல. பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதி ஏரிகளில் உறைந்த ஐஸை வெட்டி, மரத்தூளில் புதைத்து, கப்பலேற்றி 1833-லேயே கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது 1842-ல். விவேகானந்தர் 1897-ல் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றிருக்கும் அதே கட்டடம்தான். ஐஸ் அப்போது வெறும் பண்டம். அதைச் சமையலறைக்குக் காவல்காரனாக்கியவர் கிளாரன்ஸ்.

ஏழு டாலர் முதலீடு

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. கிளாரன்ஸ் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். சில காலம் மீன் வியாபாரிகள் சங்கம் ஒன்றில் வேலை பார்த்தார். படகிலிருந்து இறங்கும் நல்ல மீன், பட்டணத்துச் சமையலறைக்குப் போய்ச் சேருவதற்குள் எப்படிக் கெடுகிறது என்பதை அங்கே கண்ணால் கண்டார்.

சோதனையைத் தொடங்கினார். கையில் இருந்த சாமான்கள் என்ன தெரியுமா? ஒரு மின்சார விசிறி, வாளி வாளியாக உப்புக் கரைசல், ஐஸ் பாளங்கள். மொத்தச் செலவு ஏழு டாலர்!

உப்புக் கலந்த நீர் சாதாரண நீரைவிட அதிகக் குளிரைத் தாங்கும், உறையாது. அந்தக் கரைசலின் குளிரைக் கொண்டு மீன் துண்டுகளை உறைய வைத்தார். வெற்றி கிடைத்தது. நியூயார்க்கில் ஒரு கம்பெனியும் தொடங்கினார்.

ஆனால் ஜனங்கள் வாங்கவில்லை. குளிரில் வைத்த மீன் என்றாலே மட்டச் சரக்கு என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் உறைந்து போயிருந்தது. 1924-ல் கம்பெனி திவாலாயிற்று.

வேறொருவராக இருந்தால் மறுபடியும் நரித்தோல் வியாபாரத்துக்கே போயிருப்பார். கிளாரன்ஸ் தம் ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசியைக்கூடப் பணமாக்கினார். கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு மாசசூசெட்ஸ் கரையிலுள்ள குளோஸ்டர் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் மறுபடியும் கடை விரித்தார். மீன் படகிலிருந்து இறங்கும் இடத்திலேயே தொழிற்சாலை. பிடித்த மீனைத் தாமதமின்றி உறைய வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

தட்டை தட்டையாக

அங்கேதான் அவர் பெயரை நிலைநாட்டிய எந்திரம் உருவானது.

அதன் தத்துவம் எளிது. உணவை முதலில் சிறிய, தட்டையான அட்டைப் பெட்டிகளில் அடைப்பது. பெட்டியின் கனம் சுமார் இரண்டு அங்குலம். அந்தப் பெட்டிகளை, கடுங்குளிரூட்டப்பட்ட இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவது. மேலிருந்தும் குளிர், கீழிருந்தும் குளிர். பெட்டி தட்டையாக இருப்பதால் குளிர் உடனே நடுமையத்தை எட்டிவிடும். உருண்டையாகவோ பெரிய பாளமாகவோ இருந்தால் மேல் உறைந்து நடு இளகியே நிற்கும்.

தட்டுகள் பல அடுக்கிய அந்த எந்திரத்துக்கு 1930 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. நம் வீட்டுப் பெண்களுக்கும் இந்தத் தட்டைத் தத்துவத்தில் பாடம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

1929-ல் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. பெரிய உணவுக் கம்பெனியான போஸ்டமும், கோல்டுமன் சாக்ஸ் என்ற நிதி நிறுவனமும் சேர்ந்து அவருடைய கம்பெனியையும் உரிமைகளையும் விலைக்கு வாங்கின. விலை இரண்டு கோடியே இருபது லட்சம் டாலர்! ஏழு டாலரில் தொடங்கியவர்! அடுத்த சில மாதங்களில் அமெரிக்கப் பங்கு மார்க்கெட் சரிந்து நாடே தவித்தது. கிளாரன்ஸ் தப்பித்தார். அவருடைய பெயரையே இரண்டாகப் பிரித்து, பேர்ட்ஸ் ஐ என்று சரக்குக்கு முத்திரையிட்டார்கள்.

1930 மார்ச் 6-ந் தேதி மாசசூசெட்ஸிலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரில் 18 கடைகளில் விற்பனை தொடங்கியது. இறைச்சி வகைகள், மீன், கீரை, பட்டாணி, பழங்கள். பனிக்காலம் முடியாத மார்ச் மாதத்தில் பச்சைப் பட்டாணியைக் கண்டதும் பெண்கள் திகைத்தார்கள்.

அறுந்தால் போச்சு

சரக்கு நல்லது. ஆனால் புதிய இடைஞ்சல் ஒன்று முளைத்தது.

தொழிற்சாலையில் உறைந்த பட்டாணி ரயிலில் போகும்போது இளகினால்? கடையில் வைக்கப் பெட்டி இல்லாவிட்டால்? வீட்டில் பிரிட்ஜ் இல்லாவிட்டால்? நடுவில் ஓரிடத்தில் குளிர் அறுந்தாலும் பட்ட பாடெல்லாம் வீண். சடுதியில் உறைந்த மணல் போன்ற படிகங்கள் இளகி, மறுபடி மெல்ல உறைந்து, பழைய பெரிய ஊசிகளாகவே ஆகிவிடும்.

அதைவிட மோசமான விஷயம் ஒன்று. குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. பனி இளகினால் அவை விழித்துக்கொள்ளும். பெருகத் தொடங்கும். மறுபடி உறைய வைத்தாலும் பெருகியது பெருகியதுதான்.

ஆகவே கடைகளுக்குக் குளிர்பெட்டிகளை வாடகைக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். 1944-ல் குளிரூட்டிய ரயில் பெட்டிகள் வந்தன. இரண்டாம் உலகப் போரில் தகரம் ராணுவத்துக்குப் போனதால் டின் உணவுக்குத் தட்டுப்பாடு வந்தது. உறைந்த உணவின் பக்கம் ஜனங்கள் திரும்பினார்கள். தொழிற்சாலையிலிருந்து வீடு வரை நீளும் இந்தக் குளிர்ச் சங்கிலியில், பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி என்பதே இன்று உலகெங்கும் பொதுவான அளவு. நம் நாட்டிலும் அப்படியே.

ஆராய்ச்சியாளர்கள் மற்றொன்றையும் கண்டுபிடித்தார்கள். காய்கறிகளைக் கொதிநீரில் சிறிது நேரம் முக்கி எடுத்து உறைய வைத்தால் நிறமும் மணமும் மாறுவதில்லை. பறித்த சில மணி நேரத்தில் இப்படிப் பதப்படுத்திய பட்டாணியில், நாலு நாள் லாரியிலும் கூடையிலும் வாடிய பட்டாணியைவிடச் சத்து குறைந்துவிடுவதில்லை. பல சமயம் அதிகமாகவே நிற்கும்.

சாப்பாடே வந்தது

இதுவரை பெட்டிக்குள் போனவை காயும் மீனும்தான். சமையல் வீட்டில் நடந்தது.

1950-களில் கதை திசை மாறியது. அமெரிக்காவில் ஸ்வான்சன் என்ற கம்பெனி முழுச் சாப்பாட்டையே சமைத்து, அறை பிரித்த அலுமினியத் தட்டில் உறைய வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. வான்கோழி இறைச்சி, பட்டாணி, கிழங்கு எல்லாம் ஒரே தட்டில். அடுப்பில் சூடாக்கினால் போதும். டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று விளம்பரம் செய்தார்கள். லட்சக்கணக்கில் விற்றது.

பெரிய மாற்றம் இங்கேதான் நிகழ்ந்தது. பட்டாணிப் பாக்கெட்டில் இருப்பது பட்டாணி மட்டுமே. சமைத்த சாப்பாட்டில் யாரோ உப்புப் போட்டிருக்கிறார்கள். யாரோ எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். மாவு எது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த யாரோ நம் வீட்டு ஆள் அல்ல.

பனியின்மேல் பழி போடுகிறோமே, அது நியாயமா? பனி காவல்காரன், சமையல்காரன் அல்ல. உள்ளே வைத்த நல்லதையும் காக்கும், கெட்டதையும் காக்கும். உறைந்த பட்டாணி உறைந்த நல்லது. டால்டாவும் மைதாவும் உப்பும் நிறைந்த பரோட்டா, உறைந்தாலும் உறையாவிட்டாலும் அதே பரோட்டாதான்.

கரும்புச் சக்கையும் கடைசி நாளும்

கோடீஸ்வரரான பிறகும் கிளாரன்ஸ் சும்மா இருக்கவில்லை. வெப்ப விளக்கு, உணவை விரைவாக உலர்த்தும் முறை, திமிங்கிலங்களுக்கு அடையாளம் இடும் துப்பாக்கி என்று எதையாவது செய்துகொண்டே இருந்தார். வாழ்வின் இறுதிப் பகுதியில் தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக்குப் போய், கரும்புச் சக்கையிலிருந்து காகிதக் கூழ் எடுக்கும் முயற்சியில் ஈடுபட்டார். அந்த யோசனையை அவர் மட்டும் சிந்திக்கவில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு காகித ஆலை, கரும்புச் சக்கையைக் கொண்டு 1984-ல் உற்பத்தியைத் தொடங்கியது.

1956-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி நியூயார்க்கில் கிளாரன்ஸ் காலமானார். வயது 69. அவருடைய அஸ்தியைக் குளோஸ்டர் கரைக்கு அப்பால் கடலில் தூவினார்கள். எந்தக் கடல் மீனுக்காக அவர் பாடுபட்டாரோ, அந்தக் கடலே அவரை ஏற்றுக்கொண்டது.

குடவோலை சொல்லும் வழி

இனி, கடையில் பாக்கெட்டும் கையுமாக நிற்கும் நம் சகோதரியிடம் திரும்புவோம்.

தேர்ந்தெடுப்பது எப்படி என்று உத்திரமேரூர்க்காரர்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊருக்கு நடுவே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையை அவை விவரிக்கின்றன. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வார்கள்.

ஆனால் குடத்தில் போடுவதற்கு முன் ஒரு காரியம் நடக்கும். யார் யார் வரக்கூடாது என்று முதலில் கழிப்பார்கள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகுதான் தேர்வு.

பாக்கெட்டுக்கும் அதே நியாயம்தான். முதலில் கழியுங்கள்.

கணக்குக் காட்டாத பாக்கெட்டைக் கழியுங்கள். தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும், என்னென்ன சேர்ந்திருக்கிறது, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் ஆகியவை இல்லாவிட்டால் அதைத் தொட வேண்டாம்.

குளிர் அறுந்ததைக் கழியுங்கள். பட்டாணிப் பாக்கெட்டைக் குலுக்கினால் உதிரி உதிரியாக ஓட வேண்டும். கல் போல் ஒரே கட்டியாக இருந்தால் ஒரு தடவை இளகி மறுபடி உறைந்திருக்கலாம். பாக்கெட்டுக்குள் ஐஸ் படர்ந்திருந்தாலும், அட்டை நனைந்து உலர்ந்த சுவடு இருந்தாலும் அதே சந்தேகம். மின்சாரச் செலவுக்குப் பயந்து ராத்திரியில் பெட்டியை நிறுத்திவிடும் கடைக்காரர்களும் உண்டு. அப்படிப்பட்ட கடையில் காய்கறி வாங்கலாம்; பனிப் பாக்கெட் வேண்டாம்.

கழித்தது போக மிஞ்சியவற்றில் தேர்ந்தெடுங்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிக எடையோ அதையே முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். சப்பாத்தி என்று மேலே அச்சிட்டிருப்பார்கள். பட்டியலில் முதலில் ரீபைன்டு வீட் ப்ளோர் என்று இருந்தால் அது மைதா. முழுக் கோதுமை முதலில் நிற்பதை எடுங்கள். காய்கறிக் கறி என்று பெயர் போட்டு, பட்டியலில் எண்ணெயும் மாவும் காய்க்கு முன்னால் நின்றால் வைத்துவிடுங்கள். டிரான்ஸ் கொழுப்பு என்ற வரியில் பூஜ்யம் இருப்பதே நல்லது. எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போகக்கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது.

அடுத்தது உப்பு. சோடியம் என்று எழுதியிருப்பார்கள். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது 2,000 மில்லிகிராம் சோடியம். பாக்கெட்டில் 100 கிராமுக்கு 500 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்குச் சிறிய எண். ஆனால் பாக்கெட் 300 கிராம். முழுவதையும் ஒருவரே சாப்பிட்டால் 1,500 மில்லிகிராம். ஒரு நாள் கணக்கில் முக்கால் பங்கு ஒரு வேளையில் முடிந்துவிட்டது! காலையில் இட்லிக்குத் தொட்டுக்கொண்ட சட்னியும், மத்தியானச் சாம்பாரும், ஊறுகாயும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இவ்வளவு பார்க்க நேரம் இல்லை என்றால் ஒரே விதி போதும். சமைத்த சாப்பாட்டைவிடச் சமைக்காத பொருள் நல்லது. உறைந்த பட்டாணியும் மக்காச்சோளமும் பீன்ஸும் வாங்கி வைத்தால், களைந்து வைத்த அரிசியோடு குக்கரில் போட்டு அரை மணியில் சாதம் ஆகிவிடும். பரோட்டாதான் வேண்டும் என்று பிள்ளை அடம் பிடித்தால் ஒரு நாள் ஒன்று கொடுங்கள். பக்கத்தில் சுண்டலோ கீரையோ வையுங்கள். அதையே தினசரி ஆக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைச் சமையல்

கிளாரன்ஸின் தட்டைத் தத்துவத்தைக் கடைசியில் சொல்வதாகச் சொன்னோம் அல்லவா?

பிரிட்ஜில் மேல்தட்டு பிரீசர் இருக்கும் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால், வார நாட்களுக்கு நம் கைச் சமையலையே உறைய வைக்கலாம். வேகவைத்த கொண்டைக்கடலை, காராமணி, பருப்பு, கெட்டிச் சாம்பார், வெங்காயம் தக்காளி வதக்கிய மசாலா எல்லாம் இதற்கு ஏற்றவை. உப்பு நம் கையில். எண்ணெய் நம் கையில்.

ஆனால் ஒரு டப்பா நிறைய அடைத்து உள்ளே தள்ளக்கூடாது. வீட்டு பிரீசர் தொழிற்சாலை எந்திரம் அல்ல. அதன் குளிர் மெதுவானது. நடுப்பகுதி உறைய வெகுநேரம் ஆகும். ஒரு வேளைக்கு வேண்டிய அளவை மட்டும் உணவுக்கு ஏற்ற உறையில் போட்டு, காற்றை வெளியேற்றி, தோசை போல் தட்டையாகப் பரப்பி வையுங்கள். சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும், ருசியும் நிற்கும்.

சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். உறை மேல் தேதி எழுத வேண்டும். எடுக்கும்போது வெளியே வைத்து இளக விடாமல், காலையில் பிரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட்டு வேலைக்குப் போகலாம். இரவில் நன்றாகக் கொதிக்க வைத்துப் பரிமாறலாம். இளகியதைத் திரும்ப உறைய வைக்கக்கூடாது. நெடுநேரம் மின்சாரம் போய் இளகிவிட்டதா? குளிர்ச்சி சிறிதும் இல்லாமல் போயிருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். பத்து ரூபாய்ப் பருப்புக்காக ஆஸ்பத்திரிக்கு ஐந்நூறு கொடுக்க வேண்டாம்.

பனிக்காட்டில் கைக்குழந்தையோடு இருந்த மனைவிக்குப் பச்சைக் காய்கறி கொடுக்க நினைத்தார் கிளாரன்ஸ். பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் தாய், தன் பிள்ளைக்கு நல்ல சோறு கொடுக்க நினைக்கிறாள். இரண்டும் ஒரே கவலைதான். உறைய வைத்த உணவை வாங்குவதால் ஒருத்தி குறைந்த தாயாகி விடுவதில்லை. கணக்குப் பார்த்து வாங்கினால் அவளைவிடக் கெட்டிக்காரி இல்லை.

நம் சகோதரி பரோட்டாப் பாக்கெட்டைத் திரும்ப வைக்கிறாள். பட்டாணிப் பாக்கெட் ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்க்கிறாள். சலசல என்று உதிரியாக ஓடுகிறது. பையில் போட்டுக்கொண்டு விறுவிறு என்று வீட்டைப் பார்த்து நடக்கிறாள்.

மணி எட்டேகால். சின்னது இன்னும் தூங்கியிருக்காது.